திருடிய ஓவியத்தை 25 ஆண்டுகள் விற்க முடியாமல் வைத்திருந்த திருடன்: யார் இந்த ஆடம் வொர்த்?

2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை காலை. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் வெளிச்சுவர் ஓரமாக ஒரு வண்டி வந்து நின்றது. மாடி வீடுகளுக்குச் சாமான் ஏற்ற உதவும் ஏணி லிஃப்ட் பொருத்திய வண்டி. எட்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிரெஞ்சு அரச குடும்பத்தின் எட்டு நகைகள் காணாமல் போயின. அதிகாரிகள் சொன்ன மதிப்பு 8.8 கோடி யூரோ.

எப்படித் திருடினார்கள் என்பதை வீடியோ போட்டே விளக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் என் வாட்ஸ்அப் குரூப்களில் ஓயாமல் சுற்றிய கேள்வி வேறு. உலகம் முழுக்க போட்டோ வந்துவிட்ட நகையை யாரிடம் கொண்டுபோய் விற்பார்கள்?

இந்தக் கேள்வியோடு 25 ஆண்டுகள் குடித்தனம் நடத்திய ஒருவர் இருந்தார். பெயர் ஆடம் வொர்த். வங்கிக் கொள்ளை, வைரக் கொள்ளை, ஓவியத் திருட்டு என மூன்றிலும் 19-ம் நூற்றாண்டின் பெரிய கை. லண்டன் காவல்துறையின் மூத்த அதிகாரி ராபர்ட் ஆண்டர்சன் இவரைக் குற்ற உலகத்தின் நெப்போலியன் என்று அழைத்ததாகச் சொல்வார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் வரும் பேராசிரியர் மோரியார்ட்டிக்கு அச்சாணியே இவர்தான் என்று நம்புகிறவர்கள் நிறைய பேர்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வொர்த் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவரே தன் கடைசிக் காலத்தில் ஒரு துப்பறிவாளரிடம் சொன்னது. டேட்டா பாஷையில் சொன்னால் ஒரே சோர்ஸ், அதுவும் பொய் சொல்வதையே தொழிலாக வைத்திருந்த சோர்ஸ். நல்லவேளையாக, போலீஸ் பதிவுகள், நீதிமன்ற வழக்கு, ஏல விலை, கல்லறைப் பதிவேடு என்று சரிபார்க்கக் கொஞ்சம் கையில் இருக்கிறது.

செத்துப்போனதாகப் பதிவான சிப்பாய்

வொர்த் 1844-ல் பிரஷ்யாவில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து வயதில் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அப்பா மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தையல் கடை வைத்தார். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இருக்கும் அதே ஊர். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கோட்டு சூட்டோடு போவதைத் தையல்காரர் மகன் தினமும் பார்த்து வளர்ந்தான்.

சிறுவயதிலேயே வீட்டை விட்டு ஓடினார். முதலில் பாஸ்டன், 1860-ல் நியூயார்க். அங்கே ஒரு பெரிய கடையில் ஒரு மாதம் குமாஸ்தா வேலை. பட்டாளத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அவர் பார்த்த ஒரே நேர்மையான வேலை அதுதான் என்பார்கள்.

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. 17 வயது வொர்த், வயதைக் கூட்டிச் சொல்லி வடக்குப் படையில் சேர்ந்தார். பீரங்கிப் பிரிவு. கொஞ்ச நாளிலேயே சார்ஜன்ட் பதவி. 1862 ஆகஸ்ட் இறுதியில் நடந்த இரண்டாம் புல் ரன் போரில் காயம்பட்டு, வாஷிங்டனில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

அங்கே படுத்திருக்கும்போதுதான் அந்தத் தகவல் தெரியவந்தது. ராணுவப் பதிவேட்டில் அவர் இறந்துவிட்டார்! யாரோ ஓர் எழுத்தர் பட்டியலில் தப்பாகக் குறித்திருக்கிறார்.

நம்மில் யாராவது இருந்தால் என்ன செய்திருப்போம்? திருத்தச் சொல்லி மனு கொடுத்திருப்போம். உயிரோடு இருப்பதை நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக அலையும் முதியவர்களின் செய்தி இந்தியாவில் அடிக்கடி வருகிறதே, அதுபோல. வொர்த் எழுந்து வெளியே நடந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் படையில் சேருகிறவருக்கு ரொக்கமாக ஊக்கத்தொகை கொடுத்தார்கள். ஒரு பெயரில் சேர்ந்து, பணத்தை வாங்கிக்கொண்டு, ஓடிப்போய், வேறு ஊரில் வேறு பெயரில் மறுபடி சேருவது அன்று ஒரு தொழிலாகவே நடந்தது. வொர்த் அந்தத் தொழிலில் இறங்கினார். அடையாள அட்டை கிடையாது, கைரேகைப் பதிவு கிடையாது, ஒரு ஊர் லிஸ்ட்டை இன்னொரு ஊர் லிஸ்ட்டோடு ஒப்பிட ஆளும் கிடையாது. சொன்ன பெயர்தான் பெயர். 18 வயதில் அவர் கற்றுக்கொண்ட இந்தப் பாடம்தான் பிறகு அவருடைய முழு முதலீடு.

துணிக்கடை அம்மாவிடம் பயிற்சி

போர் முடிந்ததும் நியூயார்க்கில் பிக்பாக்கெட். பிறகு சொந்தமாக ஒரு பிக்பாக்கெட் கும்பல். ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் வண்டியிலிருந்து பணப்பெட்டியைத் தூக்கியபோது மாட்டினார். சிங் சிங் சிறையில் மூன்று ஆண்டு தண்டனை. சில வாரங்களிலேயே தப்பிவிட்டார்.

அப்போது நியூயார்க் குற்ற உலகத்தின் மையம் ஒரு துணிக்கடை. நடத்தியவர் ஃபிரடெரிக்கா மாண்டல்பாம் என்ற ஜெர்மன் யூதப் பெண்மணி. எல்லாரும் அவரை அம்மா என்கிற அர்த்தத்தில் மார்ம் என்றுதான் கூப்பிட்டார்கள். முன்னால் துணி வியாபாரம், பின்னால் திருட்டுப் பொருள் கொள்முதல். நல்ல திருடர்களுக்கு முன்பணம் கொடுப்பார், மாட்டினால் வக்கீல் வைப்பார். திருடுவதை விடத் திருடியதை விற்பதுதான் கஷ்டம் என்பதை வொர்த் கற்றது இந்தக் கடையில். பின்னாளில் அந்தப் பாடத்தை ஒரே ஒருமுறை மறந்தார். அதற்கு வருகிறேன்.

மார்முக்கு வேண்டிய ஒருவர் சார்லி புல்லார்ட். பூட்டுத் திறப்பதில் கில்லாடி, பியானோவும் அருமையாக வாசிப்பார். அதனால் பியானோ சார்லி. அவர் ஒயிட் பிளெய்ன்ஸ் சிறையில் இருந்தார். 1869-ல் வொர்த்தும் கூட்டாளிகளும் சுரங்கம் தோண்டி அவரை வெளியே எடுத்தார்கள். இருவரும் ஜோடி சேர்ந்தார்கள்.

டானிக் கடைக்குப் பின்னால் ஒரு ஓட்டை

அதே ஆண்டு நவம்பர். பாஸ்டனில் பாயில்ஸ்டன் நேஷனல் வங்கிக்கு ஒட்டினாற்போல் ஒரு கடையை வாடகைக்கு எடுத்தார்கள். போர்டில் வில்லியம் ஏ. ஜட்சன் அண்ட் கோ. விற்பது உடம்புக்குத் தெம்பூட்டும் டானிக். ஜன்னல் முழுக்க பாட்டில்களை அடுக்கினார்கள். பாட்டில் அடுக்கு அழகுக்காக இல்லை, உள்ளே நடப்பது தெருவில் போகிறவர்களுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

இரவு நேரங்களில் பொதுச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தார்கள். நவம்பர் 20, சனிக்கிழமை. வங்கி மூடியது. உள்ளே புகுந்து பெட்டக அறையின் இரும்புச் சுவரைத் துளைத்து, இருந்ததை அள்ளினார்கள். திங்கள்கிழமை காலை வங்கி திறக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது.

வார இறுதி, பக்கத்துக் கட்டடம், பொதுச் சுவர், போலியான ஒரு வாடகைக் கடை. வங்கிக் கொள்ளைகளைப் பற்றிப் படிப்பவர்களுக்கு இந்த ஃபார்முலா பழகியிருக்கும். 1976-ல் பிரான்ஸின் நீஸ் நகரில் சாக்கடை வழியாகச் சுரங்கம் போட்டவர்களும், 2015-ல் லண்டன் ஹாட்டன் கார்டன் லாக்கர் அறைச் சுவரில் ஓட்டை போட்ட வயதானவர்களும் விடுமுறை நாட்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

கொள்ளையடித்ததில் ரொக்கமும் இருந்தது, கடன் பத்திரங்களும் இருந்தன. ரொக்கத்துக்குப் பெயர் இல்லை, யார் கையில் இருக்கிறதோ அவருடையது. பத்திரத்துக்கு எண் உண்டு, அதனால் அதை மாற்றுவது சிக்கல். அன்றைக்கு வங்கிகளே இடைத்தரகர் வைத்துத் திருடர்களிடம் பேரம் பேசி, கொஞ்சம் பணம் கொடுத்துப் பத்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொள்வது சகஜமாக நடந்தது. வங்கிக்குப் பெயர் கெடக்கூடாது, திருடனுக்குப் பணம் வேண்டும். இந்தத் தடவை வங்கி பேரத்துக்கு வராமல் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தைக் கூப்பிட்டது. பெட்டிகள் நியூயார்க் போனதை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். வொர்த்தும் புல்லார்ட்டும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள்.

இறந்தவர் பெயரில் ஒரு வாழ்க்கை

லிவர்பூலில் இறங்கிய வொர்த் புதிதாக ஒரு பெயரை எடுத்துக்கொண்டார். ஹென்றி ஜட்சன் ரேமண்ட். தற்செயலான பெயர் இல்லை. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையை நிறுவிய ஆசிரியர் ஹென்றி ஜார்விஸ் ரேமண்ட் அந்த 1869-லேயே ஜூனில் இறந்திருந்தார். நடுப்பெயரை மட்டும் மாற்றி, மிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டார். நடுவில் போட்ட ஜட்சன், பாஸ்டன் டானிக் கடை போர்டில் இருந்த அதே பெயர். திருடனுக்கும் ஒரு நக்கல் இருந்திருக்கிறது. கௌரவமான ஒரு பத்திரிகையாளரின் பெயர் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு ஒரு கொள்ளைக்காரரின் விசிட்டிங் கார்டில் இருந்தது என்பதை ஒரு பத்திரிகையாளராக என்னால் அவ்வளவு சுலபமாகக் கடந்து போக முடியவில்லை.

லிவர்பூல் ஹோட்டல் ஒன்றில் மது பரிமாறும் வேலையில் இருந்த கிட்டி ஃப்ளின் என்ற ஐரிஷ் பெண்ணை இரண்டு நண்பர்களும் விரும்பினார்கள். அவர் புல்லார்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். வொர்த் கோபித்துக்கொண்டு போகவில்லை, மூவரும் 1871-ல் ஒன்றாகவே பாரிஸ் போனார்கள். ஸ்கிரிப் தெருவில் அமெரிக்கன் பார் திறந்தார்கள். கீழே மது விடுதி, மேலே சட்டவிரோதச் சூதாட்டம். போலீஸ் வந்தால் கீழேயிருந்து ஒரு பஸ்ஸர், மேலே சூதாட்ட மேஜைகள் சுவருக்குள் மடிந்து மறைந்துவிடும். ஒருநாள் வாடிக்கையாளர்களில் ஒருவராக உள்ளே வந்து உட்கார்ந்தவர் வில்லியம் பிங்கர்ட்டன். துப்பறியும் நிறுவனத்தின் வாரிசு. வொர்த் அவரை அடையாளம் கண்டுகொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கடை நிலைக்கவில்லை. இந்த பிங்கர்ட்டனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருவார்.

பிறகு லண்டன். கிளாப்பம் பகுதியில் ஒரு மாளிகை, பிக்காடில்லியில் ஒரு ஃப்ளாட், பந்தயக் குதிரைகள், பிறகு ஒரு யாட். வெளியே பார்த்தால் அமெரிக்காவிலிருந்து வந்த கனவான். உள்ளே ஒரு கார்ப்பரேட் நிறுவனம் மாதிரியான அமைப்பு. வேலையைத் திட்டமிடுவது இவர், செய்வது வேறு ஆட்கள், நடுவில் தரகர்கள். கீழே இருந்தவர்களில் பலருக்கு மேலே யார் என்றே தெரியாது. துப்பாக்கி கூடாது, ரத்தம் கூடாது என்பது கண்டிப்பான விதி. இதை நல்ல மனசு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்குத் தொழில் கணக்காகத்தான் தெரிகிறது. பணம் போனால் வங்கி வழக்கை ஆறப்போடும். உயிர் போனால் யாரும் விடமாட்டார்கள்.

லண்டன் காவல்துறையின் ஜான் ஷோர் என்ற அதிகாரி இவரைப் பிடிப்பதைச் சொந்தச் சபதமாகவே எடுத்துக்கொண்டார். யார் என்று தெரியும், எங்கே இருக்கிறார் என்று தெரியும். கோர்ட்டில் நிற்கிற மாதிரி ஓர் ஆதாரம்கூடக் கிடைக்கவில்லை.

56 பவுண்டு, பிறகு 10,605 பவுண்டு

இப்போது அந்த ஓவியம்.

டெவன்ஷயர் சீமாட்டி ஜார்ஜியானாவை தாமஸ் கெயின்ஸ்பரோ 1780-களில் வரைந்தார். பெரிய தொப்பியும் லேசாகத் தூக்கிய புருவமும் கொண்ட படம். இடையில் பல ஆண்டுகள் அது எங்கே போனது என்றே தெரியவில்லை. பிறகு ஒரு வயதான ஆசிரியை வீட்டில் கிடைத்தது. கணப்புக்கு மேலே இருந்த இடத்துக்குள் அடங்கவேண்டும் என்று அந்தம்மா படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டிருந்தார்! 1841-ல் ஒரு வியாபாரி அதை 56 பவுண்டுக்கு வாங்கினார்.

1876 மே 6 அன்று கிறிஸ்டீஸ் ஏலத்தில் அதே படம் 10,100 கினி விலைக்குப் போனது. ஒரு கினி என்பது 21 ஷில்லிங், அதாவது 1.05 பவுண்டு. கணக்குப் போட்டால் 10,605 பவுண்டு. 35 ஆண்டுகளில் 189 மடங்கு. அதுவரை ஏலத்தில் எந்த ஓவியத்துக்கும் கிடைக்காத விலை. வாங்கியவர் ஓவிய வியாபாரி வில்லியம் ஆக்னியூ. லண்டன் ஓல்டு பாண்ட் தெருவில் தன் கேலரியின் மாடியில் மாட்டினார். ஊரே வந்து பார்த்தது. அமெரிக்க வங்கியாளர் ஜூனியஸ் மோர்கன் தன் மகனுக்குப் பரிசளிக்க அதை வாங்கப் பேசிக்கொண்டிருந்தார். மகன் வேறு யாருமில்லை, பின்னாளில் வால் ஸ்ட்ரீட்டையே ஆட்டிவைத்த ஜே.பி. மோர்கன்.

ஏலம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். மே மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவு. தெருமுனையில் காவலுக்கு ஒரு குள்ளமான ஆள். ஜங்கா பிலிப்ஸ் என்கிற மலை போன்ற முன்னாள் மல்லன் தன் தோளில் வொர்த்தைத் தூக்கிவிட்டான். வொர்த்தும் குள்ளம்தான். ஜன்னலை நெம்பி உள்ளே போனார், கேன்வாஸைச் சட்டத்திலிருந்து வெட்டிச் சுருட்டினார், இறங்கினார். கீழே காவலாளி தூங்கிக்கொண்டிருந்தார்.

எப்போதும் அடியாட்களை அனுப்புகிறவர் இதற்கு மட்டும் ஏன் தானே போனார்? காரணம் தம்பி. ஜான் வொர்த் ஒரு போலிக் காசோலை வழக்கில் மாட்டி லண்டன் சிறையில் இருந்தார். கௌரவமான ஒருவர் ஜாமீன் கொடுக்கவேண்டும். ஓவியத்தை வைத்து ஆக்னியூவையே அந்த ஜாமீனுக்கு மிரட்டலாம் என்பது திட்டம். ஆனால் அதற்குள் வக்கீல் ஒரு சட்டக் கோளாறைக் கண்டுபிடித்துத் தம்பியை வெளியே எடுத்துவிட்டார். ஓவியத்துக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

இங்கேதான் மார்ம் கடையில் படித்த பாடம் அடி கொடுத்தது. தங்கத்தை உருக்கலாம். பட்டை தீட்டாத வைரத்துக்கு முகமே கிடையாது. பத்திரத்தைக்கூடப் பேரத்தில் தள்ளலாம். ஆனால் இந்த ஓவியத்தின் விலை முழுக்க அது எந்த ஓவியம் என்பதில்தான் இருக்கிறது. அடையாளத்தை மறைத்தால் பழைய துணியும் பெயிண்ட்டும்தான் மிச்சம். அடையாளத்தைச் சொன்னால் போலீஸ். லூவ்ர் நகைகளுக்கும் இதே நிலைதான். ஒரே வித்தியாசம், நகையிலிருந்து கற்களைப் பெயர்த்துத் தனித்தனியாக விற்கும் வழி ஒன்று இருக்கிறது. அப்படிச் செய்தால் மதிப்பின் பெரும்பகுதி அதோடு போய்விடும். ஓவியத்தில் அந்த வழியும் இல்லை.

ஆக்னியூ 1,000 பவுண்டு வெகுமதி அறிவித்தார். திருடன் தரப்பிலிருந்து கடிதங்கள் வந்தன, உண்மையான படம்தான் என்று காட்ட கேன்வாஸின் ஒரு துணுக்கை வெட்டி வைத்து. பேரம் படியவில்லை. கூட வந்த இருவருக்கும் பங்கு கொடுத்து வொர்த் கணக்கை முடிக்கப் பார்த்தார். ஜங்காவுக்குப் போதவில்லை. ஒருநாள் மது விடுதியில் பேச்சுக் கொடுத்து, போலீஸ் காதில் விழும்படி ஓவியத்தைப் பற்றிப் பேசவைக்க முயன்றான். வொர்த்துக்குப் புரிந்துவிட்டது. வன்முறை கூடாது என்ற விதியை அன்று ஒரு குத்துக்காக மட்டும் தளர்த்தினார்.

அதன் பிறகு படம் அவரோடே பயணித்தது. அடிப்பகுதியில் ரகசிய அறை வைத்த டிரங்குப் பெட்டி. பிறகு அமெரிக்காவில் கிடங்குகள். விற்க முயற்சிப்பதையே நிறுத்திவிட்டார். அந்த முகத்தில் அவர் கிட்டியைப் பார்த்தார் என்று எழுதியவர்கள் உண்டு. கிட்டி இதற்குள் புல்லார்ட்டோடு அமெரிக்கா போய், அவரையும் பிரிந்து, கியூபா சர்க்கரை வியாபாரக் குடும்பத்தின் வாரிசு ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். காதல் காரணமா, பயம் காரணமா? எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. அழித்தால் பேரம் பேச ஒன்றும் இல்லை, கொடுத்தால் சிறை. ஆபீஸில் முடிக்கவும் முடியாமல் டெலீட் பண்ணவும் மனசு வராமல் கிடக்கிற ஃபைல் மாதிரி.

முகம் இல்லாத கற்கள்

ஓவியத்தில் இழந்ததை வைரத்தில் எடுத்தார். தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி சுரங்கங்களிலிருந்து வைரங்கள் பலத்த காவலோடு போர்ட் எலிசபெத் துறைமுகத்துக்கு வரும். நேராகக் கப்பலில் ஏறிவிடும், தரையில் தங்காது. வொர்த் சொன்ன கதைப்படி, முதலில் அஞ்சலக அதிகாரியுடன் நட்பாகப் பழகிப் பெட்டகச் சாவியை மெழுகில் அச்செடுத்துக்கொண்டார். பிறகு வழியில் ஆற்றைக் கடக்கும் படகின் கயிற்றை அறுத்துவிட்டார். வண்டி தாமதமானது, கப்பல் போய்விட்டது, வைரங்கள் ராத்திரி அஞ்சலகப் பெட்டகத்தில் தங்கின. அவ்வளவுதான். சுமார் 5 லட்சம் டாலர்.

விற்றது அதைவிடக் கெட்டிக்காரத்தனம். லண்டனில் வைனர்ட் அண்ட் கம்பெனி என்று முறைப்படி ஒரு வைர நிறுவனத்தைத் தொடங்கி, சந்தை விலையை விடக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்து விற்றார். ரொம்பக் குறைத்தால் சந்தேகம் வருமே. கொள்முதல் செலவு பூஜ்யம் என்பது வாங்கியவர்களுக்குத் தெரியாது. சில கற்கள், திருட்டுக் கொடுத்தவர்களிடமே திரும்பப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

லியேஜ் தெருவில் முடிந்த கதை

1880-களில் லூயிஸ் என்ற பெண்ணை வொர்த் மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். கணவர் ரேமண்ட், தொழில் நிதி என்பதுதான் மனைவிக்குத் தெரிந்திருந்தது.

1892-ல் பெல்ஜியம் போனார். பழைய நண்பன் புல்லார்ட் அங்கே சிறையில் இருந்தார். வொர்த் அவரை வெளியே எடுக்க முடியுமா என்று பார்க்கப் போனதாகச் சொல்வார்கள். புல்லார்ட் அதற்குள் இறந்துவிட்டார். திரும்பி வந்திருக்கலாம். வொர்த் லியேஜ் நகரில் தங்கி, பணம் ஏற்றிப்போகும் ஒரு வண்டியைக் குறிவைத்தார். போதிய ஆயத்தம் இல்லை, அவசரத்துக்குச் சேர்த்த இரண்டு ஆட்கள். அக்டோபர் 5 அன்று காவலுக்கு நின்றவர்கள் சொதப்பி ஓடிவிட, வொர்த் தெருவிலேயே பிடிபட்டார். பல ஆண்டுகள் ஆட்களுக்குப் பின்னால் மறைந்திருந்தவர், 48 வயதில் ஒரு சாதாரண வழிப்பறிக்காரர் மாதிரி.

பெயரைச் சொல்ல மறுத்தார். பெல்ஜியம் போலீஸ் விவரம் கேட்டுப் பல நாடுகளுக்கு எழுதியது. லண்டனும் நியூயார்க்கும் இவர்தான் ஆடம் வொர்த் என்று பதில் அனுப்பின. அதே சிறையில் இருந்த மாக்ஸ் ஷின்பர்ன் என்ற பழைய போட்டியாளர் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். பிங்கர்ட்டன் நிறுவனம் மட்டும் வாய் திறக்கவில்லை. 1893 மார்ச்சில் விசாரணை. ஏழு ஆண்டு தண்டனை, லூவன் சிறை.

சிறைக்குள் இருந்தபோது வெளியே நடந்ததுதான் அவரை உடைத்தது. குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு கூட்டாளியை நம்பியிருந்தார். லியேஜில் கூட இருந்து தப்பியோடியவர்களில் ஒருவர். அவர் லூயிஸை ஏமாற்றி, சொத்தைச் சுரண்டிக்கொண்டு கைவிட்டார். லூயிஸ் மனநலம் கெட்டு காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். குழந்தைகள் அமெரிக்காவில் சித்தப்பா ஜான் வீட்டுக்குப் போனார்கள். ரேமண்ட் என்ற பெயரில் கட்டிய வீடு, அந்தப் பெயர் பொய் என்று நிரூபணமானதும் நிற்கவில்லை.

துப்பறிவாளரிடம் போன திருடன்

நன்னடத்தைக்காக 1897-ல் விடுதலை. லூயிஸைப் போய்ப் பார்த்தபோது அவருக்குக் கணவரை அடையாளம் தெரியவில்லை என்கிறார்கள். செலவுக்கு லண்டனில் ஒரு வைரக் கடையில் 4,000 பவுண்டு அளவுக்குத் திருடிவிட்டு அமெரிக்கா போய்க் குழந்தைகளைப் பார்த்தார். பிறகு 1899 ஜனவரியில் சிகாகோவில் ஒரு அலுவலகக் கதவைத் தட்டினார். வில்லியம் பிங்கர்ட்டனின் அலுவலகம்.

அந்தச் சந்திப்பில்தான் தன் வாழ்க்கைக் கதை முழுவதையும் சொன்னார். ஓவியம் இருக்கிறது என்பதையும் சொன்னார். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பணம் வேண்டும், அதற்கு ஆக்னியூவோடு ஒரு பேரம் வேண்டும். பிங்கர்ட்டன் ஒப்புக்கொண்டார். சிகாகோ சூதாடி பாட் ஷீடி தரகர். எல்லாம் முடிய இரண்டு ஆண்டுகள் ஆனது.

1901 மார்ச் 28. ஆக்னியூவின் மகன் மார்லண்ட், சிகாகோ ஆடிட்டோரியம் ஹோட்டலில் படத்தைப் பெற்றுக்கொண்டார். வொர்த் தரப்புக்கு 25,000 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 5,000 பவுண்டு, அதாவது 1876 ஏல விலையில் பாதிக்கும் குறைவு. 25 ஆண்டு ஒளித்து வைத்ததற்கு, ஆண்டுக்கு 1,000 டாலர். படம் லண்டன் திரும்பியதும் ஜே.பி. மோர்கன் உடனே வாங்கினார். அப்பா தனக்குக் கொடுக்க நினைத்த பரிசு. என்ன விலை என்பதை அவர் வெளியே சொல்லவே இல்லை.

அதே 1901-ல், ஜூலை மாதம், லண்டன் காவல்துறை கைரேகைப் பிரிவைத் தொடங்கியது. சொன்ன பெயர்தான் பெயர் என்ற காலம் அதோடு முடிந்தது. வொர்த் அதைப் பார்க்கும் அளவுக்கு மட்டும் உயிரோடு இருந்தார். பிள்ளைகளோடு லண்டன் திரும்பியவர் 1902 ஜனவரி 8 அன்று இறந்தார். 57 அல்லது 58 வயது.

ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில், பெயர்க்கல் இல்லாத ஏழைகளுக்கான பொதுக்குழியில் புதைத்தார்கள். கார்ல் மார்க்ஸ் அடக்கமான அதே ஹைகேட். பதிவேட்டில் எழுதிய பெயர் ஹென்றி ஜே. ரேமண்ட். ஆக, ஆடம் வொர்த் என்ற பெயரில் மரணம் பதிவானது ஒரே ஒருமுறைதான், 1862-ல், உயிரோடு இருக்கும்போது.

கானன் டாய்லின், 1914-ல் வெளிவரத் தொடங்கிய ஒரு நாவலில் மோரியார்ட்டியின் அறையில் விலைமதிப்பற்ற பிரெஞ்சு ஓவியம் ஒன்று மாட்டியிருக்கும். ஆட்டுக்குட்டியோடு இருக்கும் பெண். பிரெஞ்சில் ஆட்டுக்குட்டிக்கு அன்யோ என்று பெயர். எழுத்தில் பார்த்தால் ஆக்னியூவுக்குப் பக்கத்தில் வரும். ஹோம்ஸ் ரசிகர்கள் இதைப் பிடித்துக்கொண்டு இன்றும் வாதாடுகிறார்கள்.

ஹைகேட்டில் வொர்த்துக்குச் சொந்தப் பெயரில் ஒரு கல் 1997-ல்தான் வந்தது, அமெரிக்க யூத வரலாற்று அமைப்பு ஒன்றின் முயற்சியில். ஜார்ஜியானா ஓவியம் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1994-ல் ஏலத்துக்கு வந்து, டெவன்ஷயர் குடும்பத்தாரே வாங்கி, அவர்களுடைய சாட்ஸ்வொர்த் மாளிகைக்குக் கொண்டுபோனார்கள். இப்போது டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கலாம்.

அந்தப் பையன்? அப்பாவும் பிங்கர்ட்டனும் பேசி வைத்திருந்தபடி வேலைக்குச் சேர்ந்தார். பிங்கர்ட்டன் நிறுவனத்தில், துப்பறிவாளராக.